ஐம்பது லட்சம் ரூபாய் வீட்டுக்குக் கையில் எவ்வளவு வேண்டும்?

வீடு வாங்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது எந்த ஏரியா, எத்தனை பெட்ரூம் என்பதை அல்ல, கையில் ரொக்கமாக எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான். விளம்பரத்தில் இருக்கும் விலையைப் பார்த்து, "எண்பது சதவீதம் லோன் கிடைக்கும், மீதியை எப்படியாவது புரட்டிவிடலாம்" என்று நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பத்திரப்பதிவு நெருங்கும்போது நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடிய குடும்பங்களை எங்கள் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறேன். அது தேவையே இல்லாத அவதி. ஒரு தாளில் அரை மணி நேரம் கணக்குப் போட்டால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

போட்டுப் பார்ப்போம். பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி பக்கம் 50 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் தொகை 30 லட்சம் வரை இருந்தால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும்தான் வங்கி கொடுக்கலாம். ஆக உங்களுக்கு அதிகபட்சம் 40 லட்சம், கையிலிருந்து 10 லட்சம். அப்புறம் தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் செலவு 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்த்து நாலரை லட்சம். இந்த நாலரை லட்சத்துக்கு வங்கி கடன் தராது, இதைத்தான் பலரும் கடைசி நேரத்தில் தெரிந்துகொள்கிறார்கள். இதற்கு மேல் புரோக்கர் கமிஷன், வக்கீல் ஃபீஸ், பத்திரம் எழுதுகிற செலவு, வங்கியின் பிராசசிங் ஃபீஸ், அடமானத்தைப் பதிவு செய்கிற எம்.ஓ.டி. செலவு என்று வரிசையாக வரும். பதினாறு லட்சம் இல்லாமல் 50 லட்சம் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். கிரில், கப்போர்டு, கிச்சன் வேலையெல்லாம் இதில் சேரவில்லை.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டவேண்டிய பொறுப்பு வாங்குகிற உங்களுடையது. கட்டத் தவறினால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். புது ஃபிளாட்டாக இருந்து கட்டுமானம் இன்னும் முடியவில்லை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம் (மலிவு விலை வீடு என்ற வரையறைக்குள் வந்தால் 1 சதவீதம்). நிறைவுச் சான்றிதழ் வாங்கிய பிறகு விற்கிற ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. 50 லட்சத்தில் 5 சதவீதம் என்பது இரண்டரை லட்சம், வாடகை வீட்டில் இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் மிச்சமாகிற பணம் அது.

விற்பவர், "பத்திரத்தில் குறைத்துப் போட்டுக்கொள்வோம், மீதியை ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சட்டப்படி தப்பு என்பது ஒருபக்கம். பத்திரத்தில் விலை குறைந்தால் லோனும் குறையும், நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிந்து வரி ஏறும். அவருக்கு லாபம், உங்களுக்கு நஷ்டம், அவ்வளவுதான்.

சரி, லோனுக்கு வருவோம். 40 லட்சம், 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் இஎம்ஐ சுமார் 34,700 ரூபாய். முதல் மாதம் கட்டுகிற இந்தப் பணத்தில் 28,300 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 6,400 கூட இல்லை. இருபது வருடத்தில் மொத்தமாகக் கட்டுவது 83 லட்சத்துக்கு மேல். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, முதல் சில வருடங்களில் கூடுதலாகக் கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒரு இஎம்ஐ கூடுதலாக, போனஸ் வரும் மாதத்திலோ தீபாவளிக்கு முன்போ, அசலில் கட்டிவந்தாலே இந்தக் கடன் மூன்று வருடத்துக்கு மேல் முன்னாலேயே முடிந்துவிடும். தனிநபர் வாங்கிய ஃப்ளோட்டிங் வட்டி (அவ்வப்போது ஏறி இறங்குகிற வட்டி) வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் போடக் கூடாது, இது பல வருடங்களாக இருக்கிற விதி. கூடுதலாகக் கட்டும்போது "இஎம்ஐயைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

வட்டி ஏறும்போது என்ன நடக்கும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே யோசித்துவைக்க வேண்டும். 2022 மே மாதத்தில் 4 சதவீதத்திலிருந்து ஏற ஆரம்பித்த ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கிற கடனுக்கான வட்டி) 2023 பிப்ரவரியில் 6.5 ஆகிவிட்டது, ஒரு வருடம் கூட ஆகவில்லை. அப்போது பெரும்பாலான வங்கிகள் இஎம்ஐயைத் தொடாமல் கடன் காலத்தை நீட்டிவிட்டன, இருபது வருடக் கடன் சத்தமில்லாமல் இருபத்தைந்து, முப்பது என்று போனது. மாதாமாதம் அதே தொகைதான் போகிறது என்பதால் பலருக்கு அது தெரியவே இல்லை. 40 லட்சத்துக்கு 7 சதவீதத்தில் இஎம்ஐ சுமார் 31,000. எடுத்த கொஞ்ச நாளிலேயே வட்டி 9.5 ஆகிவிட்டால் அந்த மாத வட்டி மட்டுமே 31,600-க்கு மேல் வரும், பழைய இஎம்ஐயைக் கட்டிக்கொண்டே இருந்தால் அசல் ஒரு ரூபாய் கூடக் குறையாது. இதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்ற தேர்வைக் கடன் வாங்கியவருக்குக் கொடுக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. தேர்வு உங்களுக்கு இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும். வருடத்துக்கு ஒரு தடவையாவது லோன் ஸ்டேட்மென்ட்டை எடுத்து இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்ற ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள்.

வங்கியா, ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியா என்றால் முடிந்தவரை வங்கி என்பதே என் கருத்து. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுக்கிற ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும், அதனால் ரெப்போ இறங்கினால் நமக்கும் இறங்கும். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவர்கள் தங்கள் சொந்த விகிதத்தை வைத்துக்கொள்கிறார்கள். ஆவணத்தில் ஏதோ சின்னக் குறை, வருமானச் சான்று சரியாக இல்லை என்பவர்களுக்கு அவர்கள் உதவுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அரை சதவீத வித்தியாசம் இருபது வருடத்தில் லட்சங்களாகும். கையெழுத்துப் போடுகிற நேரத்தில் கடனோடு சேர்த்து ஒரு இன்ஷூரன்ஸை நுழைப்பார்கள், பிரீமியத்தையும் கடனிலேயே ஏற்றிவிடுவார்கள், அதற்கும் இருபது வருடம் வட்டி கட்டவேண்டியிருக்கும். அது கட்டாயமில்லை. குடும்பத்துக்குப் பாதுகாப்பு கண்டிப்பாக வேண்டும், அதற்குத் தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்தால் பெரும்பாலும் குறைந்த செலவில் முடியும்.

வரிச் சலுகைக்காக வீடு வாங்குங்கள் என்று ஆபீசில் யாராவது சொன்னால், நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு என்பது பழைய முறையில்தான். புதிய முறையில் கிடையாது.

இப்போது ஆவணங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அப்ரூவல் பிளான் என்ற நான்கையும் ஒரு வக்கீல் பார்க்கவேண்டும், அந்த வக்கீலை நீங்கள் தேடிப் பிடிக்கவேண்டும், பில்டரோ புரோக்கரோ கூட்டிக்கொண்டு வருபவர் வேண்டாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம், முப்பது வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். என் சித்தி மகன் பார்த்த ஒரு வீட்டில் 2009-இல் போட்ட வங்கி அடமானம் ஒன்று வில்லங்கத்தில் அப்படியே நின்றது. உரிமையாளர் கடனை என்றைக்கோ கட்டி முடித்துவிட்டார், பத்திரங்களும் அவர் கையிலேயே இருந்தன, ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யவில்லை. கடன் கொடுத்த கிளை இடையில் வேறு கிளையோடு சேர்ந்துவிட்டது, பழைய கணக்கைத் தேடியெடுத்து, மேனேஜரைப் பதிவுக்கு வரவழைப்பதற்குள் இவனுக்குக் கிடைத்த லோன் சாங்ஷனே காலாவதியாகிவிட்டது. ஏற்கெனவே வீட்டுக் கடனை முடித்துவிட்டு இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இன்றே உங்கள் வில்லங்கத்தைப் பாருங்கள். கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தரவேண்டும், அவர்கள் பக்கத் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தரவேண்டும் என்று 2023 டிசம்பரிலிருந்து விதி இருக்கிறது. பத்திரத்தை வாங்குகிற கையோடு ரசீதையும் பதிவு செய்துவிடுங்கள்.

ஃபிளாட் என்றால் யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத மனையில் உங்கள் பங்கு எவ்வளவு சதுர அடி என்று கேளுங்கள். இரண்டு கிரவுண்டில், அதாவது 4,800 சதுர அடியில் ஒரே அளவில் எட்டு வீடு என்றால் ஆளுக்கு 600 வரவேண்டும். 400-தான் எழுதியிருக்கிறார்கள் என்றால் மீதி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கவேண்டும், கட்டடம் வருடத்துக்கு வருடம் தேயும், விலை ஏறுவது மண்ணுக்குத்தான். அதேபோல விளம்பரத்தில் ஆயிரம் சதுர அடி என்பது சூப்பர் பில்ட்-அப், அதில் படிக்கட்டும் லிஃப்ட்டும் காரிடாரும் சேர்ந்திருக்கும், உள்ளே காலால் நடக்கிற கார்பெட் ஏரியா எழுநூறு சொச்சமாக இருக்கலாம். இரண்டு வீட்டை ஒப்பிடும்போது கார்பெட் ஏரியாவால் விலையை வகுத்துப் பாருங்கள்.

மனை 500 சதுர மீட்டருக்கு மேலோ வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவான புராஜெக்ட்டில், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை வந்தால் இலவசமாகச் சரிசெய்து தரவேண்டும். புறநகரில் ஒரு கிரவுண்டில் நாலு வீடு, ஆறு வீடு கட்டி விற்பதெல்லாம் பெரும்பாலும் இந்த வளையத்துக்கு வெளியே இருக்கும், அங்கே சிஎம்டிஏ அல்லது டிடிசிபி (கட்டட அனுமதியைக் கவனிக்கிற அரசு அமைப்புகள்) வழியாக வந்த பிளானையும் கட்டியிருப்பதையும் டேப் வைத்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. மனையாக வாங்குபவர்கள், அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டை வரன்முறை செய்துகொள்ள 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவானதா என்பதே அடிப்படை என்பதை நினைவில் வையுங்கள். வெள்ளத்தைப் பற்றி அங்கே இருக்கிற மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை பக்கமும் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று அவர் கை காட்டிச் சொல்வார்.

அடுத்தது, வீடு பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் யோசிக்காத விஷயம்: வெயில். காலை பத்து மணிக்குப் போய், ஹால் வெளிச்சமாக இருக்கிறது, கிழக்குப் பார்த்த வாசல், ரொம்ப நல்லது என்று திரும்பிவிடுகிறோம். மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு தடவை, முடிந்தால் ஏப்ரல், மே மாதத்தில் போங்கள். மேல்மாடி வீடாக இருந்தால் ஃபேனைப் போட்டுக் கீழே நில்லுங்கள், காற்று சூடாக இறங்கும். மேற்குப் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சூரியன் இறங்கிய பிறகும் ராத்திரி எட்டு மணிக்குக் கூட அது வெதுவெதுப்பாக இருக்கும். பகலெல்லாம் கான்கிரீட்டும் செங்கல்லும் குடித்த வெயிலை ராத்திரி முழுக்க அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும், அந்த அறையில் ஏசி விடிய விடிய ஓடும். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். அதனால் கோடையில் வீட்டைச் சூடாக்குவதில் முதல் பங்கு கூரைக்கு, அடுத்தது மேற்குச் சுவருக்கு. தெற்குப் பக்கம் ஜன்னல் இருந்தால் சாயங்காலக் காற்று வரும், வாஸ்து பார்க்கிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும், காற்றையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாதி வரைக்கும் மட்டும் வெள்ளைக் கூல் ரூஃப் பூச்சு அடித்து, மீதியைப் பழைய சிமென்ட் தளமாகவே விட்டு ஒரு கோடை முழுக்கப் பார்த்தோம். மத்தியானம் செருப்பில்லாமல் நின்றால் சிமென்ட் பக்கம் இரண்டு நொடி கூடக் கால் வைக்க முடியாது, வெள்ளைப் பக்கம் நிற்கலாம், துணி காயப் போடலாம். அடுத்த வருடம் மீதிப் பாதிக்கும் அடித்துவிட்டோம். தூசி படிந்து மங்கினால் வெயிலைத் திருப்பி அனுப்புவது குறைந்துவிடும், அதனால் கோடைக்கு முன் ஒரு தடவை நன்றாகத் தேய்த்துக் கழுவவேண்டும், சில வருடத்தில் மறுபடி அடிக்கவேண்டியிருக்கும். நிரந்தரமாகச் செய்ய நினைத்தால் வெள்ளை கூல் ரூஃப் டைல்ஸ் இருக்கிறது. மேற்கு ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடை நீட்டுவதோ மூங்கில் தட்டி தொங்கவிடுவதோ உள்ளே போடுகிற கனமான திரையைவிட நல்லது, ஏனென்றால் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரை வெளியே அனுப்பாது.

கரண்ட் பில்லில் நமக்கு இருக்கிற முக்கியமான கோடு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட். முதல் 100 இலவசம் எல்லோருக்கும் உண்டு, ஆனால் 500-ஐத் தாண்டினால் அடுத்த 100 யூனிட்டுக்கு இருந்த சலுகை விலை போய்விடும், மேலே ஏற ஏற ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடும். இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்குவதற்குச் சுலபமான வழி ஃபேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்கிற புது வகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் சொச்சம். நாலு ஃபேன் ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுகிற வீட்டில் இதனால் தினம் 2.7 யூனிட், இரண்டு மாதத்தில் 160 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஏசி வாங்கும்போது ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் வாங்குங்கள், ராத்திரி ஓடுகிற ஏசிக்குக் கொடுக்கிற கூடுதல் விலை திரும்பி வந்துவிடும்.

சோலார் இதற்கெல்லாம் பிறகுதான். முதலில் கூரையையும் ஃபேனையும் சரிசெய்துவிட்டு, அப்புறமும் இரண்டு மாதத்துக்கு 500, 600 என்று போகிற தனி வீட்டுக்கு அது அருமையான முதலீடு. இருநூறுக்குள் முடிகிற சின்னக் குடும்பம் அவசரப்படவேண்டியதில்லை. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும், நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட் வரும். 2024-இல் ஆரம்பித்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் மத்திய அரசு மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000. மானியம் பேனல் மாட்டி மீட்டர் வைத்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், ஆகவே முழுப் பணத்தையும் முதலில் நீங்கள் புரட்டவேண்டும், அல்லது வங்கிகள் இதற்கென்றே தருகிற கடனை எடுக்கவேண்டும். வாட்டர் டேங்கின் நிழல், பக்கத்து வீட்டு மாடியின் நிழல் காலையிலும் மாலையிலும் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு இடம் குறியுங்கள், ஒரு பேனலின் ஒரு மூலையில் விழுகிற நிழல் கூட அந்த வரிசையின் உற்பத்தியைக் குறைக்கும். பேனல் தெற்குப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்திருக்கவேண்டும். அப்புறம் ஒன்று, பேட்டரி இல்லாமல் தெரு லைனோடு இணைத்திருக்கிற சாதாரண ஆன்-கிரிட் சோலார், தெருவில் கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். பவர் கட்டுக்காக சோலார் போட நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு மாடி பொது. அசோசியேஷன் சேர்ந்து லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகிய பொதுத் தேவைக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு, மாத மெயின்டனன்ஸ் நன்றாகக் குறையும். ஆனால் சில பில்டர்கள் மொட்டை மாடி உரிமையைத் தங்களிடமோ மேல்மாடிக்காரரிடமோ எழுதி வைத்துவிடுகிறார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வரைவுப் பத்திரத்தை வாங்கி, மாடி பொதுப் பகுதி என்று அட்டவணையில் இருக்கிறதா என்று வக்கீலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள், கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் யாரும் சேர்க்கமாட்டார்கள்.